ஒவ்வொரு ஃபோல்டரும் ஏன் ஒவ்வொரு விதமாகத் திறக்கிறது?

கணினி ஒன்றுதான். கல்யாண போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் பெரிய பெரிய படங்கள். கரண்ட் பில் ஃபோல்டரைத் திறந்தால் பெயர், தேதி, அளவு என்று நீட்டுப் பட்டியல். 'டவுன்லோட்ஸ்' திறந்தாலோ இன்று, நேற்று, போன வாரம் என்று தலைப்புப் போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆப்ஷன்ஸ்ல போய் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' குடுங்க, எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும்." கொடுத்துப் பார்ப்போம். பாதி ஃபோல்டர்கள் மாறும், மீதி அப்படியே இருக்கும். உடனே கணினியில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கோளாறு ஒன்றும் இல்லை. அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது எப்படி நடக்கிறது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். தமிழ் இடைமுகத்தில் ஃபோல்டரை 'கோப்புறை' என்பார்கள். இங்கே பேச்சு வழக்கில் உள்ளபடி ஃபோல்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் அந்த மஞ்சள் நிறப் படம் போட்ட நிரலின் பெயர் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்.

## ஒரு பேச்சுக்குள் நான்கு கேள்விகள்

'ஃபோல்டர் திறக்கும் விதம்' என்று நாம் சொல்வதற்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் முதலில் எந்த இடம் வர வேண்டும்? ஃபோல்டரைத் திறக்க ஒரு கிளிக் போதுமா, இரண்டு வேண்டுமா? திறக்கும் ஃபோல்டர் அதே விண்டோவிலேயே வர வேண்டுமா, புது விண்டோவிலா? திறந்த பிறகு உள்ளே இருப்பவை படமாகத் தெரிய வேண்டுமா, பட்டியலாகவா?

முதல் மூன்றுக்கும் உங்கள் பயனர் கணக்கு முழுவதற்கும் ஒரே பதில்தான். ஒருமுறை மாற்றினால் எல்லா ஃபோல்டருக்கும் செல்லும். நான்காவது மட்டும் ஃபோல்டருக்கு ஃபோல்டர் மாறும். மக்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த நான்காவதில்தான். அதனால் முதல் மூன்றையும் சட்டென்று முடித்துவிட்டு அதற்கு வருவோம்.

## முதல் மூன்று: எல்லாம் ஒரே பக்கத்தில்

விண்டோஸ் கீயையும் ஆங்கில இ (E) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். விண்டோஸ் 11-ல் மேல் பட்டையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஆப்ஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-ல் மேலே 'வியூ' பகுதிக்குப் போனால் வலது ஓரத்தில் 'ஆப்ஷன்ஸ்' இருக்கும். 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' என்ற சிறு பெட்டி வரும். அதில் 'ஜெனரல்', 'வியூ', 'சர்ச்' என்று மூன்று பக்கங்கள். முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை 'ஜெனரல்' பக்கத்தில் இருக்கிறது.

மேலே உள்ள 'ஓபன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டு' என்பதுதான் தொடங்கும் இடம். விண்டோஸ் 10-ல் அது 'குவிக் ஆக்சஸ்' என்றும் 11-ல் 'ஹோம்' என்றும் இருக்கும். இரண்டுமே சமீபத்தில் திறந்த ஃபைல்களைக் காட்டும் பக்கங்கள். குடும்பத்தில் பலர் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் கணினியில் இது சங்கடம். நேற்று யார் எதைத் திறந்தார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். 'திஸ் பிசி' என்று மாற்றினால் சி, டி டிரைவ்கள் வரும் பக்கத்தில் தொடங்கும்.

அடுத்து ஒரு கிளிக்கா, இரண்டா. சுட்டியை வேகமாக இருமுறை தட்டச் சிரமப்படும் பெரியவர்களுக்கு ஒரு கிளிக் பெரிய நிம்மதி. ஆனால் தெரியாமல் கைபட்டு இது மாறிவிட்டால், ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தொட்ட உடனேயே அது திறந்துகொள்ளும். ஒரு கிளிக் முறையில் சுட்டியைப் பெயர்மேல் நிறுத்தினாலே அது தேர்வாகிவிடும். பலவற்றைத் தேர்ந்தெடுக்க கன்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, 'பிரவுஸ் ஃபோல்டர்ஸ்'. 1995-ல் வந்த விண்டோஸ் 95 ஒவ்வொரு ஃபோல்டரையும் புது விண்டோவில்தான் திறந்தது. ஐந்து அடுக்கு உள்ளே போனால் திரையில் ஐந்து விண்டோ கிடக்கும். இப்போது இயல்பாக அதே விண்டோவில் திறக்கிறது. அப்படியே விடுவதுதான் நல்லது. எப்போதாவது இரண்டு ஃபோல்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபைல் மாற்ற வேண்டுமென்றால், ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து 'ஓபன் இன் நியூ விண்டோ' கொடுத்தால் போதும். விண்டோஸ் 11-ல் 2022 அக்டோபருக்குப் பிறகு டேப் வசதி வந்துவிட்டது. பிரவுசரில் போலவே கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் புது டேப். சுட்டியின் நடுச்சக்கரத்தால் ஃபோல்டரை அழுத்தினால் அது புது டேபில் திறக்கும். மேல் அடுக்குக்குத் திரும்ப ஆல்ட் கீயும் மேல்நோக்கிய அம்புக்குறியும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு வரி 'வியூ' பக்கத்தில் இருக்கிறது: 'லாஞ்ச் ஃபோல்டர் விண்டோஸ் இன் எ செபரேட் பிராசஸ்'. புது விண்டோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிராசஸ் என்றால் கணினியின் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். கீழே இருக்கும் டாஸ்க்பாரை வரைவதும் ஃபோல்டர்களைக் காட்டுவதும் இயல்பாக ஒரே பிராசஸ்தான். அதனால்தான் ஒரு ஃபோல்டர் உறைந்து நின்றால் டாஸ்க்பாரும் சேர்ந்து உறைகிறது. இந்த வரியை டிக் செய்தால் ஃபோல்டர்களுக்குத் தனிப் பிராசஸ் ஓடும். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அடிக்கடி உறையாத கணினியில் இதைத் தொட வேண்டாம்.

இதுவரை பார்த்தது: தொடங்கும் இடம், கிளிக், விண்டோ மூன்றும் 'ஜெனரல்' பக்கத்தில். மாற்றி 'ஓகே' கொடுத்தால் எல்லா ஃபோல்டருக்கும் பொருந்தும்.

## டீ மாஸ்டரின் ஞாபகம்

இப்போது நான்காவது கேள்வி. தெருமுனை டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் வருகிறவர் கடைக்குள் காலை வைத்ததுமே மாஸ்டர் "சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்கா" என்று தானே போட்டுவிடுவார். கேட்கவே வேண்டியதில்லை. புதுமுகம் வந்தால் ஆளைப் பார்த்து ஊகிப்பார். லாரியை நிறுத்திவிட்டு வருகிறவருக்கு ஸ்ட்ராங் டீ, கைக்குழந்தையோடு வருகிறவருக்கு ஒரு பாலும் சேர்த்து.

விண்டோஸ் செய்வதும் இதேதான். நீங்கள் ஒரு ஃபோல்டரில் படங்களைப் பெரிதாக்கினாலோ, தேதி வாரியாக அடுக்கினாலோ, அந்த ஃபோல்டரின் பெயருக்கு நேரே அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை திறக்கும்போது அதே மாதிரி காட்டும். முதன்முறை திறக்கும் ஃபோல்டர் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து ஒரு வகையில் சேர்க்கிறது. அந்த வகைக்குப் பெயர் டெம்ப்ளேட். எந்த வடிவில் காட்டுவது, பெயர், தேதி, அளவு என்று என்னென்ன பத்திகள், எந்த வரிசை என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்த அச்சு என்று அதைச் சொல்லலாம்.

நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய டெம்ப்ளேட்டுகள் ஐந்து: 'ஜெனரல் ஐட்டம்ஸ்', 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'மியூசிக்', 'வீடியோஸ்'. ஃபோல்டரில் எந்த வகை ஃபைல்கள் அதிகமோ அதற்கேற்ப விண்டோஸ் ஒன்றைப் பொருத்துகிறது. கலவையாக இருந்தால் 'ஜெனரல் ஐட்டம்ஸ்'.

ஊகம் எல்லா நேரமும் சரியாக இருக்காது. வகுப்பில் ஆசிரியர் பேசியதை மொபைலில் பதிவு செய்து, எம்பி3 ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறீர்கள். திறந்தால் பத்திகளின் தலைப்பில் '#', 'டைட்டில்', 'கான்ட்ரிபியூட்டிங் ஆர்ட்டிஸ்ட்ஸ்', 'ஆல்பம்' என்று வருகிறது. ஒவ்வொன்றும் காலி. உங்களுக்கு வேண்டிய தேதிப் பத்தியைக் காணோம். எம்பி3 என்றதும் விண்டோஸ் அதைப் பாட்டு என்று எண்ணிவிட்டது, அவ்வளவுதான்.

திருத்துவது எளிது. ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'கஸ்டமைஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்பதில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' தேர்ந்தெடுங்கள். உள்ளே துணை ஃபோல்டர்கள் இருந்தால் அதற்குக் கீழே உள்ள பெட்டியையும் டிக் செய்து 'ஓகே'. மூடித் திறந்தால் தேதிப் பத்தி வந்திருக்கும்.

## அந்தப் பட்டன் உண்மையில் என்ன செய்கிறது?

ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் மூன்று இடங்களில் விடை தேடுகிறது. முதலில், இந்த ஃபோல்டருக்கென்று ஏதாவது குறித்து வைத்திருக்கிறோமா? இல்லையென்றால், இந்த வகை ஃபோல்டர்களுக்கு இப்படித்தான் காட்ட வேண்டும் என்று பயனர் சொல்லியிருக்கிறாரா? அதுவும் இல்லையென்றால் டெம்ப்ளேட்டோடு வந்த பழைய அச்சு.

'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பட்டன் கை வைப்பது நடுவில் இருக்கும் இடத்தில். "லாரிக்காரர் யார் வந்தாலும் இனிமேல் சர்க்கரை கம்மி" என்று மாஸ்டரிடம் சொல்வதற்குச் சமம். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு அது பொருந்தாது. பட்டனை அழுத்தியதும் வரும் சிறு பெட்டியில் இது எழுதியே இருக்கிறது: இந்த வகையைச் சேர்ந்த எல்லா ஃபோல்டர்களும் இந்த ஃபோல்டரைப் போல் இருக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறது. 'ஆஃப் திஸ் டைப்' என்ற மூன்று சொற்களைப் படிக்காமல் 'யெஸ்' அழுத்துவதால்தான் இத்தனை குழப்பமும்.

எனவே எல்லா ஃபோல்டரும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் வகைக்கு ஒன்றாக இதைச் செய்ய வேண்டும். போட்டோ ஃபோல்டர் ஒன்றைத் திறந்து நீங்கள் விரும்பும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1 முதல் 8 வரை எண்களை அழுத்தினால் எட்டு வடிவங்களும் மாறி மாறி வரும். 2 பெரிய படங்கள், 5 வெறும் பெயர்ப் பட்டியல், 6 'டீட்டெயில்ஸ்' எனும் பத்திகளோடு கூடிய பட்டியல். எந்தப் பத்தி வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பத்தித் தலைப்பின்மேல் வலது கிளிக் செய்து முடிவு செய்யலாம். வரிசை, தொகுப்பு எல்லாம் சரியானதும் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்', 'வியூ' பக்கம், 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்', 'யெஸ்', 'ஓகே'. பிறகு ஆவணங்கள் இருக்கும் ஒரு ஃபோல்டர், பாட்டு ஃபோல்டர் ஒன்று, வீடியோ ஃபோல்டர் ஒன்று, கலவையான ஒன்று என்று இதையே திரும்பச் செய்யுங்கள். ஐந்து முறை. பத்து நிமிட வேலை.

பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் பெட்டியைக் கன்ட்ரோல் பேனல் வழியாகத் திறந்திருப்பீர்கள். எந்த ஃபோல்டரைப் பார்த்துப் படியெடுப்பது என்று அதற்குத் தெரியாது. ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு 'ஆப்ஷன்ஸ்' திறங்கள்.

அதே 'வியூ' பக்கத்தில் கீழே ஒரு நீளப் பட்டியல் இருக்கிறதே, அது வேறு கணக்கு. மறைந்த ஃபைல்களைக் காட்டுவது, ஃபைல் பெயரின் வால் பகுதியை (எக்ஸ்டென்ஷன்; ஃபைல் எந்த வகை என்று சொல்லும் கடைசி எழுத்துகள்) காட்டுவது, படங்களுக்குப் பதிலாகச் சின்னங்களை மட்டும் காட்டுவது எல்லாம் அங்கே. இவற்றுக்கு 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' தேவையில்லை. 'ஓகே' கொடுத்ததுமே எங்கும் பொருந்தும். திடீரென்று எல்லா போட்டோக்களும் ஒரே சின்னமாகத் தெரிந்தால் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்ற வரியில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 'ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபார் நோன் ஃபைல் டைப்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடச் சொல்வேன். அது இருக்கும்வரை, பிடிஎஃப் பில் போல வேஷம் போட்டு வரும் இஎக்ஸ்இ நிரலின் கடைசி மூன்றெழுத்து உங்கள் கண்ணில் படாது.

சுருக்கமாக: தனி ஃபோல்டரின் ஞாபகம் முதலில், வகைக்கான உத்தரவு அடுத்து, பழைய அச்சு கடைசியில். பட்டன் மாற்றுவது ஒரு வகையை மட்டும்.

## டவுன்லோட்ஸ் மட்டும் ஏன் அடங்குவதில்லை?

ஐந்து வகைக்கும் செய்து முடித்த பிறகும் 'டவுன்லோட்ஸ்' தன் போக்கில்தான் இருக்கும். அதற்கென்று தனி டெம்ப்ளேட் உண்டு. கஸ்டமைஸ் பக்கத்தின் பட்டியலில் அது தெரியாது. விண்டோஸ் 10-ன் 2019 மே பதிப்பிலிருந்து, புதிதாக வந்தது மேலே இருக்கும்படி தேதி வாரியாகத் தொகுத்துக் காட்டுவது அதன் இயல்பு. இன்று, நேற்று என்ற தலைப்புகள் அங்கிருந்துதான் வந்தன. வேண்டாமென்றால் காலியிடத்தில் வலது கிளிக் செய்து 'குரூப் பை' என்பதில் 'நன்' கொடுங்கள். விண்டோஸ் 11-ல் மேலே உள்ள 'சார்ட்' பட்டனுக்குள்ளும் 'குரூப் பை' இருக்கும்.

இன்னொரு தொல்லை வேகம். ஃபோல்டரைத் திறந்ததும் மேலே முகவரிப் பட்டையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். பெயர்கள் வரவே நேரமாகும். ஃபோல்டருக்குப் 'பிக்சர்ஸ்' அல்லது 'வீடியோஸ்' டெம்ப்ளேட் பொருத்தப்பட்டிருந்தால் இது அடிக்கடி நடக்கும். போட்டோ எடுத்த தேதி, வீடியோவின் நீளம் போன்றவை அந்தந்த ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இப்படி ஃபைல் தன்னைப் பற்றித் தானே சுமக்கும் குறிப்புகளுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். பெயரையும் அளவையும் வட்டின் அட்டவணையிலிருந்தே படித்துவிடலாம். மெட்டாடேட்டா வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்க்க வேண்டும். 2,000 ஃபைல் இருந்தால் 2,000 முறை. எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகம் இல்லாத, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது நன்றாகவே உறைக்கும். முன்பு சொன்ன அதே வழியில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' ஆக மாற்றிவிட்டால் பச்சைக் கோட்டின் ஊர்வலம் பெரும்பாலும் நின்றுவிடும்.

## ஞாபகம் எங்கே இருக்கிறது?

பெரிய படங்களாக அழகாக அமைத்த ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போகிறீர்கள். அங்கே திறந்தால் வேறு மாதிரி. காரணம், டீ எப்படி வேண்டும் என்பது மாஸ்டரின் தலையில்தான் இருக்கிறது, உங்கள் சட்டைப்பையில் இல்லை. அடுத்த ஊர் டீக்கடையில் முதலிலிருந்து சொல்லத்தான் வேண்டும். விண்டோஸ் இந்தக் குறிப்புகளை ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில், உங்கள் பயனர் கணக்கின் கீழ் எழுதுகிறது. கணினியின் அமைப்புகள் அனைத்தும் பதிவாகும் பேரேடு அது. ஒரே கணினியில் வேறு பயனர் கணக்கில் நுழைந்தாலும் ஃபோல்டர்கள் வேறு மாதிரி தெரிவது இதனால்தான்.

ஆப்பிளின் மேக் கணினி நேர்மாறாகச் செய்கிறது. ஃபோல்டருக்குள்ளேயே '.டிஎஸ்_ஸ்டோர்' என்ற மறைவான ஃபைலை எழுதி வைக்கிறது. சட்டைப்பையில் சீட்டோடு வரும் வாடிக்கையாளர் மாதிரி. மேக்கில் செருகி எடுத்த பென் டிரைவை விண்டோஸில் திறந்தால் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் கிடக்கும். வைரஸ் என்று பயந்து போகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். அழித்தாலும் உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

மாஸ்டருக்கும் ஞாபக எல்லை உண்டு. விண்டோஸின் குறிப்பேடு இயல்பாக 5,000 ஃபோல்டர்களை வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் பழையவை மறக்கப்படும். பல வருடம் ஓடிய கணினியில் 'நான் வைத்த அமைப்பு தானாகப் போய்விட்டது' என்று தோன்ற இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஃபோல்டரை அழித்தாலும் அதன் குறிப்பு உடனே அழிவதில்லை. கணினித் தடயவியலில் இந்தக் குறிப்புகளை ஷெல்பேக் என்பார்கள். இப்போது இல்லாத ஒரு ஃபோல்டர் முன்பு அந்தக் கணினியில் திறக்கப்பட்டது என்பதைக் காட்ட விசாரணையில் இவை உதவுகின்றன. ஐகான்களை அடுக்குவதற்காக உருவான ஏற்பாடு இவ்வளவு தூரம் பயன்படுவது எனக்கு எப்போதும் வியப்புதான்.

குறிப்பேடு தாறுமாறாகிவிட்டதாகத் தோன்றினால், அந்த வகை ஃபோல்டர் ஒன்றில் நின்றுகொண்டு 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பக்கத்திலேயே இருக்கும் 'ரீசெட் ஃபோல்டர்ஸ்' அழுத்துங்கள். அந்த வகை பழைய அச்சுக்குத் திரும்பும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்லும் வழிமுறைகளைப் புதியவர்கள் பின்பற்ற வேண்டாம். தவறான வரியை அழித்தால் திரும்பக் கொண்டுவர 'அன்டூ' கிடையாது.

## அப்லோடு செய்யும்போது வரும் பெட்டி

எல்லாம் சரி செய்த பிறகும் ஒரு இடத்தில் பழைய கோலம் தெரியும். தேர்வு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஏற்றப் போகிறீர்கள். 'சூஸ் ஃபைல்' அழுத்தியதும் ஒரு பெட்டி திறக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் பெரிய படங்களாகத் தெரியும் அதே ஃபோல்டர் இங்கே வெறும் பெயர்களாக நிற்கிறது. 'ஐஎம்ஜி' என்று தொடங்கி எண்களில் முடியும் நாற்பது பெயர்கள். எது உங்கள் முகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபைல் ஏற்றும்போதும் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போதும் வரும் பெட்டிகளுக்கு விண்டோஸ் தனிக் குறிப்பு வைத்திருக்கிறது. கடைக்குள் உட்கார்ந்து குடிக்கிறவருக்கு ஒரு கணக்கு, பார்சல் வாங்குகிறவருக்கு ஒரு கணக்கு. 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' அங்கே எட்டாது. பெட்டிக்குள்ளேயே காலியிடத்தில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெயர்கள் முகங்களாக மாறும். உங்கள் போட்டோவைத் தேர்ந்தெடுத்து 'ஓபன்' கொடுங்கள்.